கடைசித் தெரு

கெளுத்தி முள்தான்.
சோனங்குப்பத்தில் அது குத்தாத கால் கிடையாது.
அஞ்சலாட்சி மஞ்சளைச் சுட்டு வைத்தாள்.
அன்று மத்தியானமே கூடையோடு பஸ் ஏறி
மஞ்சக்குப்பம் போய் விற்றுவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் விடியலில்
என்னை என் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
அவர் செத்து எட்டு வருஷம்.

நூற்றியெட்டு முள்ளோடை தாண்டும்போது
சாராயக்கடைகள் இன்னும் திறக்கவில்லை.
பிரஷர் இல்லை பிரஷர் இல்லை என்று
உள்ளே இருந்த பையன் போனில் சொல்லிக்கொண்டே வந்தான்.
பிரஷர் ஏறினால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன்.
இறங்கினாலும் ஆள் போகும் என்பது
அரியாங்குப்பம் பாலத்தில் தெரிந்தது.

ஜிப்மரில் ஒரு சிஸ்டர்
பிளாஸ்டிக் கவரில் மெட்டிகளைப் போட்டுக் கொடுத்தார்.
வீக்கம், வெட்டித்தான் எடுத்தோம் என்றார்.
மெட்டியைத்தானே என்று கேட்டேன்.
இப்போதைக்கு என்றார்.

டாக்டர் பெண்ணுக்கு என் மகள் வயசு.
உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னாள்:
"கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு.
இதயம், மூளை, கிட்னிக்கு ரத்தம் போகணும்னா
மருந்து ஏத்தி ஓரத்துக் குழாயையெல்லாம் சுருக்கணும்.
டவுனுக்குத் தண்ணி பத்தலைன்னா
கடைசித் தெருவுக்கு வால்வை மூடுவாங்கல்ல,
அது மாதிரி.
கை கால் விரலை அடகு வைக்கிறோம்.
மீட்க முடியுமான்னு இப்பச் சொல்ல முடியாது."

அது மாதிரி என்றதும் நன்றாகப் புரிந்தது.
அந்த வால்வுக்கு அந்தப் பக்கம் பிறந்தவன் நான்.
ஒரு கோடையில் பதினோரு நாள்
எங்கள் குழாயில் காற்றுதான் வந்தது;
மெயின் ரோட்டில் அன்றும் ஒருத்தர் கார் கழுவினார்.
எவன்டா மூடினது என்று சட்டையைப் பிடித்திருக்கிறேன்.

இங்கே, மூடுங்கள் என்றேன்.
கையெழுத்துப் போட்டேன்.

நான் ஐஸ் பாக்டரிக்காரன்.
இருபத்தொரு வருஷமாக பார் ஐஸ் தூக்குகிறேன்.
விரல் வெளுப்பதும் மரத்துப்போவதும்
பிறகு டீ கிளாஸைப் பிடித்ததும்
எறும்பு ஊறுகிற மாதிரி உயிர் திரும்புவதும்
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
உள்ளே விடுகிற பதினைந்து நிமிஷமும்
அவள் பாதங்களைக் கைக்குள் வைத்திருந்தேன்.
நீலம், அப்புறம் நாவல்பழம்,
அப்புறம் தார்.
எறும்பு வரவில்லை.

இப்போது அந்த மருந்தை நிறுத்திப் பன்னிரண்டு நாள்.
கண் திறந்தாள். வஞ்சிரம் என்ன விலை என்றாள்.

வெட்ட அவசரமில்லையாம். கோடு விழ வேண்டுமாம்.
செத்தது இதுவரைக்கும், இருப்பது இங்கிருந்து என்று
உடம்பே பிரித்துக் காட்ட
ஆறு வாரம்கூட ஆகுமாம்.
சில பேருக்கு மேல்தோல் மட்டும் உரிந்து
அடியில் ரோஸ் கலர் இருக்குமாம்.
சில பேருக்கு முட்டிக்குக் கீழே.
அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

தினமும் காலையில் கறுப்பின் ஓரத்தில்
பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி.
வலது காலில் செவ்வாய்க்கிழமைக் கோடும்
வெள்ளிக்கிழமைக் கோடும் ஒன்றாகவே இருக்கின்றன.
இடது காலைப் பற்றி
ஊருக்குப் போனில் சொல்லவில்லை.

உயிர் பெரிசா விரல் பெரிசா
என்று கேட்டார் பக்கத்து பெட்டின் பாகூர்க்காரர்.
உயிர்தான், அதிலென்ன.
ஆனால் தலையில் கூடையோடு பஸ் படி ஏறும்போது
மொத்த பாரமும் கட்டைவிரலில் வந்து நிற்கும்.
அவர் பஸ்ஸில் மீன் கூடை ஏற்றியவர் இல்லை.

இன்று சாயங்காலம்
"சுண்டுவிரல் அரிக்குது, சொறிஞ்சு விடு" என்றாள்.
எந்தக் கால்?
"இடது."

அங்கே சுண்டுவிரல் கரித்துண்டாகக் கிடக்கிறது.
சிஸ்டரைப் பார்த்தேன்.
அவர் சலைன் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கோட்டுக்கு இந்தப் பக்கம்
சூடு இருக்கிற இடமாகப் பார்த்து
நகம் படாமல் சொறிந்தேன்.

"ம். அங்கதான்" என்றாள்.