பயணப்படி

காரைக்குடி செக்காலைச் சாலையில்
பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி.
கீழே துளை போடும் மிஷின் சத்தம்,
மேலே புலம்பெயர்ந்த தொழிலாளர் உரிமைக்கு
ஒரு போன், இரண்டு மேசை,
தாழ்ப்பாள் விழாத கழிவறை.

போன் என்னோடு வீட்டுக்கும் வரும்.
ராத்திரி இரண்டு மணிக்குக் குவைத்திலிருந்து
எவனோ ஒருவன் கழிவறைக்குள் ஒளிந்துகொண்டு
பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்பான்.
நான் முகவரி கேட்டுக்கொண்டிருக்கையில்
என் மகன் காலால் போர்வையைத் துழாவுவான்.
அதை ஓவர்டைம் என்று எழுத இடமில்லை.
'இது வேலை இல்ல பவுலின், இயக்கம்'
என்பார் உமையாள் அக்கா.

இயக்கத்துக்கு ஆடியிலிருந்து
சம்பளம் வரவில்லை.

அக்கா கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல்.
கல்லல் அடைக்கலத்தின் சவப்பெட்டிக்காக
திருச்சி விமான நிலையத்தின் சரக்கு வாசலில்
மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தவர்.
பெட்டி வந்ததும்
சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தவர்.
அதே அக்காதான்
நியமனக் கடிதம் கேட்ட ராவியாவை
மறுநாளே போனிலிருந்து எடுத்து
பழைய கோப்புகளை அடுக்க வைத்தார்.
'எம் மேலயே நம்பிக்கை இல்லையா'
என்று கண்ணும் கலங்கினார்.
அந்தக் கண்ணீருக்கு எதிராக
எந்தச் சட்டப் பிரிவில் மனு போடுவது?
புரட்டாசியில் ராவியா நின்றுவிட்டாள்.
அவள் நாற்காலியில் இப்போது
'குரலற்றவர்களின் குரல்' பேனர்
சுருட்டிக் கிடக்கிறது.

போன மாதம் கானாடுகாத்தானில்
அரண்மனை ஓட்டலில் பயிலரங்கு.
தலைப்பு: பணியாளர் மனச்சோர்வு.
பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர் கட்டிய கூடத்தில்
நிதி தரும் வெள்ளைக்கார அம்மாள்
அண்ணாந்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நாங்கள் கண்ணை மூடி
மூச்சை எண்ணினோம்.
எனக்கு வாடகை ஞாபகம் வந்தது,
ஏழிலோ எட்டிலோ எண்ணிக்கை தவறியது.
மதியம் பதினாறு வகை.
கருப்பட்டிப் பணியாரம்
இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டேன்,
ஒளித்துத்தான்.

இன்று பிரபுல்ல மாஜியோடு சிவகங்கை.
கோட்டையூர்ப் பக்கத்து ஆலையில்
பதினோரு வாரக் கூலி பாக்கி.
மனுவை நான்தான் எழுதினேன்:
எழுத்துபூர்வ ஒப்பந்தம் உண்டா, இல்லை.
வார விடுப்பு உண்டா, இல்லை.
கேட்டால் மிரட்டினார்களா,
இல்லை, அழுதார் முதலாளி,
தம்பி மாதிரி நினைத்தேனே என்றார்.
மாஜி சிரித்துக்கொண்டே சொன்னான்.
எனக்குப் பேனா கொஞ்ச நேரம் நகரவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில்
ஆலைக்காரர் காசைக் கொண்டுவந்து வைத்தார்.
நாற்பத்தோராயிரம்.
மாஜி எச்சில் தொட்டு மூன்று தரம் எண்ணினான்.
ஒரு ஐந்நூறை மடித்து என் பக்கம் நீட்டினான்.
வேண்டாம் என்றேன், அது எங்கள் விதி:
பயனாளியிடம் ஒரு டீ கூட வாங்கக் கூடாது.
நான் எழுதி, நான் சுவரில் ஒட்டிய விதி.

திரும்பும்போது மழை.
டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு இலவசம்,
இது புறநகர் பஸ்.
பையைத் துழாவினேன்,
பதினெட்டு ரூபாயும்
காலையில் வந்த டிக்கெட்டும் இருந்தன.
கண்டக்டர் விரலில் எச்சில் தொட்டுக் காத்திருந்தார்.
'தீதீக்கும் சேத்து ரெண்டு காரைக்குடி'
மாஜியின் தமிழில் அதுதான்
பிழையில்லாத வாக்கியம்.
நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
வழி நெடுக ஒன்றும் பேசவில்லை அவன்.
பேசியிருந்தால்
என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பான்.

சாயங்காலம் கணக்கர் சேவுகன்
இரண்டு டிக்கெட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
'போனது சரி.
வந்ததுக்கு யார் காசு?'
அவருக்கும் ஆடியிலிருந்து சம்பளம் இல்லை.
காலரில் சோப்புக் கறை.

சொன்னால் விதிமீறல்.
சொல்லாவிட்டால் பொய் வவுச்சர்.

ஜெனிவாவிலிருந்து அக்கா படம் அனுப்பியிருந்தார்,
மேடையில், கைகூப்பி.
கீழே துளை மிஷின் நின்றிருந்தது.
யாருக்கோ பல் பிடுங்கி முடித்திருக்க வேண்டும்.

'எழுதிக்குங்க சேவுகன்' என்றேன்,
'திரும்பி வந்தது
நடந்து.'