ஒற்றைக்கால் கொக்கு

பிப்ரவரி எழுபத்தைந்து, செவ்வாய்க்கிழமை.
ரெஜ்ஜோ நீதிமன்றத்திலிருந்து
அரக்கு, முத்திரை, கார்பன் தாளோடு போனேன்.
ஜப்தி செய்ய வருபவளுக்கு யாரும் காபி தருவதில்லை.
ஸ்கார்தொவெல்லி ஆலையில் தந்தார்கள்,
கோப்பையையும் பட்டியலில் சேர்ப்பேனா என்று
கேட்டுக்கொண்டே.

கடைசல் இயந்திரம் பதினான்கு.
தையல் இயந்திரம் ஆறு.
ஒன்றின் ஊசியடியில் பாதி தைத்த இருக்கைத் தோல்.
"இந்த வரிசையை மட்டும் முடித்துக்கொள்கிறேனே" என்றாள் டெல்ஃபீனா.
சட்டம் இடம் தராது.
ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்
அவள் நூலை அறுக்கும்வரை.

சுவரில் ப்ரீமோ ஸ்கார்தொவெல்லி:
சர்க்கரைக்கிழங்கு வயலுக்கு நீர் இறைக்கும் பம்பு செய்தவர்.
போரில் செத்த டாங்கிகளை
எடைக்கு வாங்கி உருக்கியவர்.
பம்பு நன்றாக விற்றது. அதுதான் சிக்கல்.
வயிறு நிறைந்தவனுக்கே வரும் வியாதி இது.
போ நதிக் கரைச்சாலையில்
மிலான்காரன் ஒருவன் புழுதி வாரியடித்து முந்திப் போக,
முகம் துடைத்த கைக்குட்டையைச் சலவைக்குப் போடாமல்
சட்டம் போட்டு மாட்டினாராம்.
அதுவும் இருந்தது. எழுதினேன்:
கைக்குட்டை, அழுக்கு, இருநூறு லீரா.

அக்கம்பக்கத்து ஆலைகளுக்குக் குதிரை, காளை, திரிசூலம்.
இவருக்குக் கொக்கு.
மனிதரும் அப்படித்தான் நின்றார், ஒற்றைக்காலில்:
பன்னிரண்டு சிலிண்டர், ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.
எட்டு போதும் என்றது வங்கி.
நான்கு போதும் என்றாள் மனைவி.
காரே வேண்டாம் என்றார் டாக்டர்.
நூற்றுப் பத்தொன்பது கார் விற்றார்,
நூற்றுப் பத்தொன்பதிலும் நட்டம்.
பிறகு பெட்ரோல் விலை ஏறியது.
ஞாயிறுகளில் கார் ஓட்டத் தடை வந்தது;
நெடுஞ்சாலையில் பாதிரிகள் சைக்கிள் விட்டார்கள்.

இருபத்து மூன்றாம் பக்கம். கொட்டகையில் கடைசிக் கார்.
நிறம் என்ற பத்தியில் சிவப்பு என்று எழுதப் போனேன்.
பெயிண்டர் ஒல்மோ கையைப் பிடித்துக்கொண்டான்.
சிவப்பு இல்லையாம்;
நாக்கைக் கடித்துக்கொண்ட நிறமாம்.
சோதனை ஓட்டுநர் எர்மேத்தே கேட்டார்:
"உயிர் இருக்கிறதா என்று பார்க்காமல்
எப்படி அம்மா விலை வைப்பீர்கள்?"
கேள்வி நியாயமானது.
வெளியே மூடுபனி, நீட்டிய கை தெரியவில்லை.
ஓட்ட முடியாது. சாவியை மட்டும் திருகினார்.

முதலில் இருமல்.
பிறகு தகரத் தட்டில் யாரோ ஆணிகளைக் கொட்டியதுபோல.
பிறகு அது காதில் இல்லை:
என் முழங்காலில், பல்லில் அடைத்த வெள்ளியில்,
கையிலிருந்த அட்டையில்.
பேனா தானாக நகர்ந்து ஒரு கோடு போட்டது.
அந்தக் கோடு இன்னும் கோப்பில் இருக்கும்,
'பொருளின் நிலை' என்ற இடத்தில்.
மூன்று நிமிடம்.
சாலைக்கு அப்பால் பன்றிப் பண்ணை வாயடைத்துக் கிடந்தது.
பெட்ரோல் தீர்ந்தது. கடனுக்கு வாங்கியதுதான்.

எனக்கு இன்றுவரை கார் ஓட்டத் தெரியாது.

ஆலையை ஒரு சுவிஸ்காரர் வாங்கினார்.
அவரிடமிருந்து ஒரு சிகரெட் வியாபாரி.
அவரிடமிருந்து ஜெர்மானியர்கள்;
அவர்கள் கணக்குப் பார்த்தார்கள், லாபம் வந்தது.
கொக்கு இப்போது சாவிக்கொத்தில், தொப்பியில்,
பையன்களின் படுக்கையறைச் சுவரில்.
அந்த இன்னொரு கால் எங்கே போயிற்று என்று
யாரும் கேட்பதில்லை.

போன ஜூன், பார்மாவில், சிவப்பு விளக்கு.
சைக்கிளில் நான், கூடையில் வெங்காயத்தாள்.
பக்கத்தில் வந்து நின்றது, தாழ்வாக, அதே கொக்கு.
குனிந்து காது கொடுத்தேன்.
ஒன்றுமில்லை.
சிக்னலில் தானாக அணைந்துவிடுமாம், எரிபொருள் மிச்சமாம்.
கண்ணாடியைத் தட்டினேன்.
இறக்கினான், இருபத்தைந்து வயது இருக்கும்.
"ஒரே ஒரு தடவை" என்றேன்.
எதை என்று அவன் கேட்கவில்லை.

பச்சை விழுந்தது.
பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, லாரி அடித்தது.
நாங்கள் அசையவில்லை.
கூடையில் வெங்காயத்தாள் மட்டும்
நுனிவரை நடுங்கிக்கொண்டிருந்தது.