மாதிரி

உளுந்து மூட்டையின் விலாவில் குத்தூசி செருகி
உள்ளங்கையில் ஒரு பிடி சரியவிட்டால் போதும்.
ஈரம் எவ்வளவு, கல் எவ்வளவு, போன வருஷத்துச் சரக்கா,
சாக்கின் வாயைப் பிரிக்காமலே சொல்லிவிடுவேன்.
பயின்னாங் சந்தையில் இருபத்தாறு வருஷம்
அதுதான் என் சோறு.

இன்று என்னிடமிருந்து ஒரு மாதிரி எடுத்துக் கொடுத்தேன்.
மஞ்சள் மூடி போட்ட டப்பா.
முதல் தாரை வேண்டாம், கடைசியும் வேண்டாம்,
நடுவில் பிடியுங்கள் என்றாள் லேபு சயாமா.
எங்கள் தொழிலிலும் அப்படித்தான் அம்மா,
மேல் சரக்கு பொய் சொல்லும், அடிச் சரக்கு தூசு
என்று வாயெடுத்தேன்.
அவள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாள்.

டப்பாவில் எழுதிய பெயர் ஊ சோ வின்.
அரசாங்க அட்டையில் நான் அவர்தான்.
வீட்டில் மாசிலாமணி.
மூன்றாம் தடவை கூப்பிட்டபோதுதான்
எழுந்திருக்க வேண்டியவன் நான் என்று உறைத்தது.
அதற்குள் ஒரு அற்ப ஆசை வந்து போனது:
என்ன இருந்தாலும் அது சோ வின்னோடு இருக்கட்டும்,
மாசிலாமணி பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம்.

ராத்திரி ஐந்து தடவை. சில நாள் ஏழு.
கரண்ட் இருக்காது, மோட்டார் ஓடாது.
வாளித் தண்ணீரைச் சத்தமில்லாமல் சாய்க்கப் பழகிவிட்டேன்.
அடைத்துக்கொண்டு வரும்,
போய் நின்றால் நாலு சொட்டு.
ஒரு தடவை, ஒரே ஒரு தடவை,
டார்ச் வெளிச்சத்தில் தேயிலைச் சாயம் போல ஏதோ.
பீட்ரூட் தின்றோமா என்று
இரண்டு நாள் சாப்பாட்டைப் பின்னோக்கி நடந்து பார்த்தேன்.
தின்னவில்லை.

முன்பெல்லாம் சூலே பகோடாவை வைத்து வழி சொல்வேன்.
இப்போது கேட்டால் கக்கூஸ்களை வைத்துத்தான்.
இருபத்தொன்பதாம் தெருத் தேநீர்க்கடை:
கதவுக்குத் தாழ் கிடையாது, இருமிக்கொண்டே இருக்க வேண்டும்.
ரயில் நிலையம்: சில்லறை கையில் தயாராக.
பஸ்ஸில் ஜன்னலோரம் விட்டாயிற்று,
கதவோரம்தான்.

சர்க்கரை இல்லை, கல்லும் தெரியவில்லை என்றார் டாக்டர்.
கிருமியா என்று ஐந்து நாளில் தெரியும்,
பெரிய ஆஸ்பத்திரியில் கேமரா விட்டுப் பார்க்கத் தேதி கேட்டிருக்கிறது.
வேற ஏதாவது பெரிசா என்றேன்.
ப்யிட் நைங் டே என்றார். இருக்கலாம்.
பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்.
பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் தூள்,
நாக்கு அதை விட்டு வேறெங்கும் போகவில்லை
தாம்வே நிறுத்தம் வரைக்கும்.

காலண்டரில் பென்சில் கோடுகள்.
பால் கணக்கு என்று நினைத்திருந்தேன்.
பால்காரன் நின்று நாலு மாதம் ஆகிறதே!
திங்கள் ஐந்து. செவ்வாய் ஏழு. நேற்று ஆறு.
அஞ்சுகம் தூங்குகிறாள் என்றல்லவா
வாளியை அப்படிச் சாய்த்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை நான்.
செவ்வாய்க்கு ஒரு கோடு அதிகம் போட்டிருக்கிறாள்,
அந்த ஒன்று தண்ணீர் குடிக்கப் போனது.
அதையும் சொல்லவில்லை.

தூத்துக்குடியிலிருந்து போன்.
சரக்கு எப்படிண்ணே?
மூட்டை காலடியில், குத்தூசி கையில்.
பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன் என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
உடம்பு கிடம்பு சரியில்லையா என்றார்.

வியாழன். லேபில் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்ததாம்,
ரிப்போர்ட் திங்கட்கிழமைக்கு.
மின்விசிறி மூன்று இலையும் தெரிய நிற்கிறது.
பக்கத்துப் பாயில் மூச்சு
தூங்குகிறவள் மூச்சு இல்லை.
இன்னும் வரவில்லை. வரும்.
இந்தத் தடவை வாளியைச்
சத்தமாகவே சாய்க்கலாம்.