நூற்று இருபத்தொரு டிகிரி

செவ்வாய்ப்பேட்டையில் என் கடை
சாக்குக்கடைக்கும் வெல்லமண்டிக்கும் நடுவே எட்டடி.
மூக்கைச் சிந்தினால் தெரிந்துவிடும்
அன்றைக்கு எந்தச் சாயம் ஓடியதென்று.

பெனினா கோபமாக வந்தாள்.
நாலு ரோட்டுப் பக்கம் ஏதோ ஆஸ்பத்திரி.
நிர்வாகம் கைமாறி, இனி எல்லோருக்கும் கருநீலக் கோட்டு;
துணிக்காசு கிடையாதாம்.
"நாலுல ஒண்ணைத்தான் முக்குனேங்க, ராத்திரி பூரா.
காலையில அலசுனா
தண்ணி நீலம், கோட்டு வெள்ளை,
தையல் மட்டும் நீலம்."

விரித்துப் பார்த்தேன்.
வெள்ளைத் தோளில் பேனாவால் புள்ளி வைத்தாற்போல்
நூல் மட்டும் குடித்திருந்தது.
ஓரத்தில் ஒரு இழை உருவித் தீக்குச்சி காட்டினேன்.
பருத்தியென்றால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும்.
இது சுருண்டது, உருகியது,
கருமணியாகி என் விரலைச் சுட்டது.

பாலியஸ்டர். எண்ணெயில் பிறந்தது,
தண்ணீர் கூப்பிட்டால் திரும்பாது.
இதற்குச் சாயம் வேறு. கரையாது,
மாவுமாதிரி கலங்கி மிதக்கும்,
வினிகர் ரெண்டு மூடி விடவேண்டும்.
கொதி போதாது; கொதிக்கு மேலும்
இருபது முப்பது டிகிரி ஏறினால்தான்
இழை நெகிழ்ந்து உள்ளே விடும்,
ஆறியதும் சாத்திக்கொள்ளும்.
கொண்டலாம்பட்டிப் பட்டறையில் மிஷின் இருக்கிறது,
நாலு கோட்டுக்கு ஓட்டமாட்டான்.
சோறாக்கும் குக்கரில் மட்டும் வேண்டாம்மா.

அவள் கோட்டை மடித்தாள். மெதுவாக மடித்தாள்.
"எங்ககிட்ட பெரிய குக்கர் ஒண்ணு இருக்குங்க."

கத்தியும் கத்தரியும் வேகும் பெட்டி.
நூற்று இருபத்தொரு டிகிரி.
அந்த வாரம் அவளுக்கு நைட் டூட்டி.

பத்து நாள் கழித்து கருநீலமாக வந்து நின்றாள்.
வெயிலில் நிறுத்தித் திருப்பினேன்:
அக்குள், கழுத்துப்பட்டி, பையோரம்,
திட்டு இல்லை.
"ஆனா..." என்றாள்.
மறுநாள் அதே பெட்டியில் வெந்த பஞ்சுத்துணி
மூன்று டிரம்மும் இளநீலம்.
பெட்டிச் சுவரில் ஒட்டியது ஆவியோடு இறங்கியிருக்கிறது.
டாக்டர் ஒன்றைப் பிரித்து விளக்குக்குப் பிடித்து
யாரால் என்று கேட்கவில்லை, எதனால் என்று கேட்டாராம்.
எல்லோரும் தண்ணித்தொட்டியைக் காட்டினார்களாம்.
ரெண்டு நாளாகக் குழாய்க்காரர்
குழாய் குழாயாகக் கழற்றிக்கொண்டிருக்கிறாராம்.

சிரித்து முடித்தபோதுதான் கவனித்தேன்,
அவள் போட்டிருந்தது மற்ற மூன்றில் ஒன்று.
துணி நீலம், தையல் முழுக்க வெள்ளை.
முதலில் வாங்கிய பொட்டலம் மிச்சமிருந்தால்
அதில் முக்கு, நூலும் ஏறிக்கொள்ளும், என்றேன்.

தோளில் ஓடிய வெள்ளைப் புள்ளிகளை நகத்தால் தடவினாள்.
"இருக்கட்டுங்க.
தையல் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான்
பிரிக்கறவங்களுக்குச் சுளுவு."

பிறகு கைப்பையிலிருந்து அந்த மிச்சப் பொட்டலத்தை எடுத்து
மேஜைமேல் வைத்துக் காசு கேட்டாள்.
'பிரித்ததைத் திரும்ப எடுப்பதில்லை' என்ற
என் அட்டைக்குக் கீழேயே நின்று
பாதி கொடுத்தேன்.