கிழக்குக் கம்பத்துக்குப் பின்னால்

அது என் இடம்.
கிழக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால்,
வலை கிழிந்த மூலையை நைலான் நரம்பால்
நானே முடிந்து வைத்ததற்கு நேராக.
ஐஸ் கம்பெனியில் சம்பளம் வாங்கும் சனிக்கிழமை
அணிச் சந்தா ஐம்பது ரூபாயை முதலில் எடுத்து வைப்பேன்.
மளிகைக் கடைக்காரருக்கு அடுத்த வாரம்.

மாவட்ட லீக், எட்டாவது ஆட்டம்.
தங்கச்சிமடம் விடிவெள்ளிக்கும் பாம்பனுக்கும்.
பாம்பன் என்று சொன்னாலே
எங்கள் நாக்கில் உப்புக் கூடிவிடும்.
இந்த வருஷம் கூடுதலாக ஒரு சங்கடம்:
அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் சட்டைக்குள் இருக்கும் லெவிங்ஸ்டன்
என் மகள் ஜெனிட்டாவைக் கட்டியவன்.

எங்கள் பையன்களில் நாலு பேர்
காலையில்தான் போட்டை விட்டு இறங்கினார்கள்.
இடது பேக் ரெமிஜியுஸ்
காலை நீட்டி மடக்கப் படுத்தவன்
அப்படியே தூங்கிப்போனான்.
சந்தியாகு, கிளவுஸ் மாட்டுமுன்,
வலை அறுத்த விரல்களுக்குத் துணி சுற்றினான்.
“வலிக்குதாடா?”
“பந்து வந்தாத் தெரியும்க்கா.”

டாஸ் எங்களுக்கு. கச்சான் காற்று முதுகில்.
காற்றை வாங்கி முதல் பாதி ஆடுவது
கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணுகிற மாதிரி,
சாப்பிடும்வரை ஒன்றும் தெரியாது.
பதினேழாவது நிமிஷம் கார்னர்.
காற்று பந்தை வளைத்துக் கொண்டுவந்தது,
மணலோடு மணலாக ஏழெட்டுத் தலைகள்,
எவன் தலை என்று இன்றைக்கும் சண்டை,
கோல்!
நான் முடிந்த முடிச்சு தாங்கியது.
அதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ராமேஸ்வரம் ரயில்.
தீர்த்தமாடப் போகிறவர்கள்
நாங்கள் குதிப்பதைப் பார்த்து, என்ன ஏது என்று தெரியாமலே
கையாட்டிக்கொண்டு போனார்கள்.

இடைவேளை.
எதிர்ப்பக்கம் உடைமரத்தடியில் பாம்பன் கூட்டம்.
நடுவில் நான் வாங்கிக் கொடுத்த சுடிதாரில் ஜெனிட்டா.
“அம்மா!” என்று கையைத் தூக்கினாள்.
நான் லைன்ஸ்மேனைத் திட்டுவதில்
மும்முரமாக இருந்தேன்.

பிறகு வட்டிக்காரன் வந்தான்.
சந்தியாகு உதைத்த பந்து
பாதி தூரம் போய், யோசித்து,
அவனிடமே திரும்பி வந்தது.
கண்ணில் மணல், வாயில் மணல்,
ரெமிஜியுஸ் இப்போது நின்றபடி தூங்கினான்.
ஒன்றுக்கு ஒன்று.
அதற்குமேல் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள்.
பந்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன்.

எண்பத்தாறு. விசில்.
பெனால்டி.
நடுவருடைய ஊரையும் அவர் படித்த பள்ளிக்கூடத்தையும்
ஒருமுறை விசாரித்து முடித்தோம்.
பந்தை வைத்தவன் ஒன்பதாம் நம்பர்.

எனக்குத் தெரியும்.
மாசத்துக்கு நாலு ஞாயிறு என் வீட்டு முற்றத்தில்
பேரனுக்குப் பந்து உதைக்கிறான்.
எப்போதும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான்.
எப்போதும்.
வலது கை ஓரமாக இரண்டு செம்பருத்திச் செடி
செத்தே போயின.

சொல்லலாமா கூடாதா என்று
ஒரு நொடி நினைத்தேன்.
ஒரு நொடி என்பதுகூடப் பொய்.
“வலப்பக்கம் பாய்டா சந்தியாகு! வலப்பக்கம்!”
எதிர்க்காற்றில் கம்பத்தைக்கூடத் தாண்டாது என் குரல்.
அன்றைக்கு என்று அந்தப் பாழாய்ப்போன கச்சான்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மைதானம் முழுக்கக் கேட்டது.
உடைமரத்தடிக்கும் கேட்டது.
சந்தியாகு வலப்பக்கம் பாய்ந்தான்,
நல்ல பாய்ச்சல், குறை சொல்ல முடியாது.
லெவிங்ஸ்டன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
இடப்பக்கம் அடித்தான்.

ராத்திரி நண்டுக் குழம்பு.
ஜெனிட்டா ஒரு வார்த்தை பேசாமல்
பாத்திரங்களை மட்டும் பேசவிட்டாள்.
அவன் குழாயடியில் கால் மணலைக் கழுவிவிட்டு வந்து
சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.
“மாமி, அந்த மூலை முடிச்சு நீங்க போட்டதா?
அவ்வளவு வேகமா அடிச்சும் அவுரல.”

பெரிய நண்டின் காலை
அவன் தட்டுக்குக் கொண்டுபோனேன்.
பாதி வழியில் திருப்பி
என் தட்டில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு தொண்டியில் ஆட்டம்.
வேன் வாடகைக்கு
இன்னும் அறுநூறு குறைகிறது.