கடைசியாக வருபவள்

பதினான்கு பேர்.
முன்னால் இத்வல், சிவப்புத் தொப்பி,
மழை உறைக்குள் வரைபடம்.
கடைசியில் நான்.
திறந்த படல்களையெல்லாம் சாத்திக்கொண்டு வரவேண்டும்,
ஆடுகள் வெளியேறாமல்.
வேல்ஸ் மலையில் அதற்கென்று ஓர் ஆள் வேண்டும்.

அதனால் சரித்திரம் எனக்கு
வாலிலிருந்துதான் கிடைக்கிறது.
தாழ்ப்பாள் போட்டு நான் போய்ச் சேரும்போது
"...அதோடு அந்தக் குடும்பமே அற்றுப்போனது" என்பார் இத்வல்.
எல்லோரும் கிளம்பியிருப்பார்கள்.
எந்தக் குடும்பம்?
கூரையில்லாத நான்கு சுவர், அடுப்பு இருந்த இடத்தில் ஒரு மரம்.
உள்ளே போய் நின்று பார்த்தேன்.
ஒரே ஜன்னல்.
அதுவும் பாதையைப் பார்க்கவில்லை, மேய்ச்சலைப் பார்த்தது.
வருகிற மனிதரைவிட
போகிற ஆடு முக்கியம் போலிருக்கிறது.

ஈயச் சுரங்கத்தின் வாயில் கம்பி வலை.
"...ஒன்பது வயது" என்று முடித்தார்.
மோர்ஃபித் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.
அழுகையா சளியா, நான் கேட்கவில்லை.

பதினொன்றரைக்குத் தூறல்.
கணவாயின் நடுவே இடுப்புயரத்தில்
ஒரு தட்டைக் கல்.
இந்த ஒரு தடவை ஓடி முன்னால் போய் நின்றேன்,
ஒரு கதையையாவது தலையோடு கேட்போமென்று.

இது சுமைதாங்கி, என்றார் இத்வல்.
இந்தப் பக்கம் முழுக்கப் பாறை.
ஒரு முழம் தோண்டினால் மண்வெட்டி கணீரென்னும்.
செத்தவர்களைத் தோளில் ஏற்றி
ஏழு மைல், கணவாய் தாண்டிக் கொண்டுபோவார்கள்.
இங்கே இறக்கிவைத்து
தோள் மாற்றிக்கொள்வார்கள்.

டெக்வின் அந்தக் கல்லில் வைத்திருந்த
முட்டை சாண்ட்விச்சை
மெல்லக் கையில் எடுத்துக்கொண்டார்.

நாயும் பைக்குமாக ஏறிவந்தாள்
பண்ணைக்காரி நோன்.
"இதுவா? எங்கப்பா போட்டது.
மாட்டுக்கு உப்புக்கட்டி வைக்க.
பிணம் போன வழி கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம்.
இப்போ வெறும் சேறு."

இத்வல் வரைபடத்தைப் பார்த்தார்.
வரைபடம் ஒன்றும் சொல்லவில்லை.
டெக்வின் சாண்ட்விச்சைத் திரும்பவும்
கல்லில் வைத்தார்.

"ஆனா அப்பாவை இந்த வழியாத்தான் கொண்டுபோனோம்,"
பைக்கை அணைத்தாள் நோன்.
"டிராக்டர்ல. சரியா இங்கே வந்து டீசல் தீர்ந்துபோச்சு.
தம்பி கேன் எடுத்துக்கிட்டு ஓடினான்.
டிரெய்லர் சாய்ஞ்சு நின்னுது, எனக்கு மனசு கேக்கலை.
இறக்கி இதுமேலதான் வெச்சோம்.
ஒண்ணேகால் மணி நேரம்.
நல்ல வெயில் அன்னிக்கு."

யாரும் பேசவில்லை.
டெக்வினின் கை மட்டும்
சாண்ட்விச்சை நோக்கிப் போய்
நடுவழியில் நின்றது.
"அட, சாப்பிடுங்க," என்றாள் நோன்.

இத்வல் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார்.
மரியாதைக்கா மழைக்கா,
இரண்டுக்குமா.

இறக்கத்தில் கடைசிப் படல்.
வழக்கம்போல் சாத்தப் போனேன்.
"விடு, திறந்தே கிடக்கட்டும்," மேலேயிருந்து குரல்,
"அதுங்க இறங்குற நேரம்."

காலையிலிருந்து முதன்முறையாக
கைக்கு வேலையில்லாமல் நடந்தேன்.
பின்னால் குளம்புச் சத்தம்.
ஓரமாய் ஒதுங்கி நின்றேன்,
நனைந்த கம்பளி மணக்க அவை கடந்துபோகும்வரை.
எண்ணவில்லை.