பின்னால் போட இரண்டு

புதுசு நானூற்றுப் பத்து வெள்ளி.
செலுப் நூற்று நாற்பது.
இரண்டையும் சாக்கட்டியால் சிமெண்டுத் தரையில் எழுதிவிட்டு
தவுக்கே சியோங் கோப்பி குடிக்கப் போய்விட்டார்.
கோல கெட்டில் கடைத்தெருவில்
மழை இன்னும் முடிவுக்கு வரவில்லை.
நானும்தான்.

வெளியே என் ஹைலக்ஸ்
பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஜாக்கியில் நிற்கிறது,
சேலையை வழித்துக்கொண்டு வாய்க்கால் தாண்டுகிறவளாய்.
டயர் வெட்டுகளைப் பூ என்பார்கள் இங்கே.
மலாய்க்காரர் வைத்த பேர், நமக்கும் பிடித்துப்போனது.
‘பூ போச்சுக்கா’ என்கிறான் கடைப்பையன்
கட்டைவிரலால் தடவி,
துக்கம் விசாரிக்கிற குரலில்.

ஏழாங்கட்டையிலிருந்து உள்ளே பதினொரு கிலோமீட்டர்.
கோயில் வளைவோடு தார் நின்றுவிடும்.
பிறகு சரளை:
போன மாதம்தான் கொட்டினார்கள்,
ஒவ்வொரு கல்லுக்கும் இன்னும் கோபம் ஆறவில்லை.
நாளுக்கு மூன்று நடை,
நடைக்கு ஒரு டன் செம்பனைக் குலை.
(கொஞ்சம் கூட. ஜே.பி.ஜே. காதில் போட வேண்டாம்.)
டன்னுக்கு நாற்பது வெள்ளி.
நாலும் புதுசாய் மாட்டினால்
இரண்டு வாரம் நான் டயருக்குத்தான் டிரைவர்.

முன்னிரண்டும் புதுசு, தவணை ஐந்து மாதம் பாக்கி.
ஸ்டியரிங் பேச்சைக் கேட்கிற சக்கரத்தில்
நான் மிச்சம் பிடிப்பதில்லை.
பின்னால் வெடித்தால் குலை சரியும்.
முன்னால் வெடித்தால் நான்.

அடுக்கில் இருபது செலுப்.
எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு.
ஒட்டிய விளிம்பில் நகத்தை விட்டுப் பார்க்கிறேன்:
நகம் போகிற இடத்தில் கல்லும் போகும்.
விரல்முட்டியால் தட்டினால்
நல்லது தொம் என்னும்,
உள்ளே விட்டுப்போனது தப் என்னும்.
நெருக்கமான பூ தார் ரோட்டுக்கு;
சரளையில் அது கல்லைக் கவ்விக்கொண்டு
மில் வரைக்கும் மென்றுகொண்டே வரும்.
எனக்கு அகலப் பூ, துப்பத் தெரிந்த பூ.

எல்லாரும் பூவைப் பார்த்து எடுத்துப் போகிறார்கள்.
பிறந்த தேதி பக்கச்சுவரில் இருக்கிறது, நாலே எண்,
வாரம் இரண்டு, வருஷம் இரண்டு.
0916. கிழம்.
4117. வெயிலில் பிடித்தால் மயிரிழை வெடிப்பு.
3218.

இந்த எண்ணை நான் எடுத்திருக்கிறேன்.
புது டயராய் மாட்டிய அன்றே
நாலு நம்பர் கடையில்,
பெரிசு மூணு, சின்னது மூணு,
ஆறு ஞாயிற்றுக்கிழமை.
ஒரு காசு விழவில்லை.

உள்ளே கைவிட்டேன்.
ஐம்பது காசு அகலத்தில் ஒட்டு.
பக்கத்தில் மஞ்சள் பேனாவில் ‘வ’.
வதனா. என் கையெழுத்து.
போன தீபாவளிக்கு முன்னால்
இதே கடையில் பத்து வெள்ளிக்குத் தள்ளிவிட்டுப் போனது.

‘சியோங், இது என் டயர்.’
கோப்பியைக் கீழே வைத்தார்.
‘இப்ப என் டயர்.’
குனிந்து ‘வ’வைப் பார்த்தார், படிக்கத் தெரியாமல்.
‘பூ என்னுது. கூடு உன்னுது’ என்றார் கடைசியில்.
‘நூத்தி இருபத்தஞ்சு.’

மற்ற பத்தொன்பதும்
யார் வண்டியில் காற்றில்லாமல் உருண்டதோ.
இதன் வண்டவாளம் முழுக்க எனக்குத் தெரியும்.
ஒரே ஒரு ஆணி.
கூடுதல் பாரம் நிறைய,
அதை இரண்டு பேருமே வெளியே சொன்னதில்லை.

ஜோடிக்கு 2220.
எந்த ஊர், எந்த வண்டி, தெரியாது.
தட்டினேன், தொம் என்றது.
இன்னொரு தரம் தட்டினேன்.
சரி, ஏற்று என்றேன்.

கோயில் வளைவில் நாற்பதுக்கு இறக்கினேன்.
ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும்
நட்டை மறுபடி முடுக்கச் சொல்லியிருக்கிறான் பையன்.
அடித்தகட்டில் ஒரு கல் டிங் என்று தெறித்தது.
இடப்பக்கம் பழைய முணுமுணுப்பு.
வலப்பக்கம் இன்னும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
2220 எடுக்கலாமென்று இருக்கிறேன்.
சின்னது மட்டும்.